வீரணன் வீட்டில் இருந்த மூன்று மூட்டை

தம்பி,

சங்கத்துப் படிப்பு நிதிக் கமிட்டியில் உன்னைச் சேர்த்துக்கொண்டார்கள் என்று செயலாளரே கடைக்கு வந்து சொல்லிவிட்டு, ஒரு பொட்டலம் அல்வாவும் வைத்துவிட்டுப் போனார். உன் அம்மா அதைப் பிரித்துத் தட்டில் போட்டு என் முன்னால் நீட்டினாள். எனக்குத் தொடப் பிடிக்கவில்லை. "பிள்ளைக்கு இம்புட்டுப் பெரிய மரியாதை கெடச்சிருக்கு, உங்க மூஞ்சி ஏங்க இப்படிப் போகுது?" என்றாள். வயிறு சரியில்லை என்று சொல்லிவிட்டேன். மூணாறுக்குப் பக்கத்துப் பள்ளிவாசல் கரண்டு நிலையத்தில் நீ எஞ்சினீயராகச் சேர்ந்த அன்று கடையில் வேலை செய்கிற எல்லாருக்கும் வேட்டி எடுத்துக் கொடுத்தவன் நான். இந்தச் செய்தியை மட்டும் என்னால் கொண்டாட முடியவில்லை. ஏன் என்பதை எழுதத்தான் உட்கார்ந்திருக்கிறேன். கொள்முதல் சீட்டைத் தவிர வேறெதையும் பக்கக்கணக்கில் எழுதிப் பழக்கமில்லாதவன், அதனால் முன்னுக்குப் பின்னாகத்தான் வரும். பொறுமையாகப் படி. முழுதும் படித்துவிட்டுத்தான் கூட்டத்துக்குப் போக வேண்டும்.

அந்த நிதி எப்படிக் கொடுக்கப்படுகிறது என்று உனக்குத் தெரியும் என்று நினைப்பாய். உனக்கு மணியார்டர் வந்து சேர்ந்த பக்கம்தான் தெரியும். அது புறப்பட்ட பக்கம் தெரியாது. கேரளத்துப் பக்கத்து இந்த மலையில் ஏலக்காய் வியாபாரம் செய்கிறவர்கள் சேர்ந்து ஆரம்பித்த சங்கம் இது. சின்ன வியாபாரிகளுடைய பிள்ளைகளும், எங்கள் கடைகளிலும் காய் உலர்த்துகிற ஸ்டோர்களிலும் வேலை செய்கிறவர்களுடைய பிள்ளைகளும் கல்லூரிக்குப் போனால் உதவ வேண்டும் என்று வைத்தார்கள். ஒரு பிள்ளை படித்தால் கல்லூரிச் சம்பளம், அதாவது பீஸ், பாதி கொடுப்பார்கள். ஒரே வீட்டில் இரண்டு பிள்ளைகள் ஒரே சமயத்தில் கல்லூரியில் இருந்தால் இரண்டு பேருக்கும் முழுச் சம்பளமும் ஹாஸ்டல் செலவும் உண்டு. வைத்தவர்கள் நல்ல மனதோடுதான் வைத்திருப்பார்கள். இரண்டு பிள்ளைகளைப் படிக்க வைக்க முடியாமல் ஒருத்தியை வீட்டில் நிறுத்திவிடக் கூடாதே என்ற எண்ணம். அந்த எண்ணத்தை நான் என்ன பாடு படுத்தினேன் என்று கேள்.

எமர்ஜென்சிக்கு மூன்று வருஷம் முந்தி. நீ திருச்சூரில் எஞ்சினீயரிங் இரண்டாம் வருஷம் போகிறாய். முதல் வருஷம் உனக்குப் பாதிச் சம்பளம் வந்தது. அந்த வருஷம் உன் தங்கச்சி மல்லிகா ப்ரீடிகிரி முடித்தாள். அவளை அதற்கு மேல் படிக்க வைக்கிற எண்ணம் எனக்கு இல்லவே இல்லை. தேவாரத்தில் ஒரு வரன் பேசி வைத்திருந்தேன். சங்கத்து மனுத் தாளை வாங்கி வந்து, கண்ணாடி போட்டுக்கொண்டு, எந்தத் தாளையும் படிக்கிற மாதிரி அடிவரை படித்தேன். 'குடும்பத்தில் கல்லூரியில் பயிலும் மற்றப் பிள்ளைகள்' என்று ஒரு கட்டம் இருந்தது. அந்தக் கட்டத்தில் ஒரு பெயர் இருந்தால் உன் பாதி முழுசாகும், ஹாஸ்டலும் சேரும், அந்தப் பெயருக்கு உரியவளும் காசில்லாமல் படிப்பாள். மறுநாள் காலையில் மல்லிகாவிடம், "பாலக்காட்டுல காலேஜ் சேர்த்துவிடுறேன், துணிமணி எடுத்து வை" என்றேன். அந்தப் பிள்ளை என் காலில் விழுந்தது தம்பி. அவளைச் சேர்க்கப் பாலக்காட்டுக்குப் போனபோது கொழிஞ்சாம்பாறையில் உன் சித்தி வீட்டில் தங்கினேன். உன் சித்தப்பா தென்னந்தோப்பில் கட்டிலைப் போட்டு உட்கார வைத்து, "ஏனுங்கண்ணா, பொம்பளப் புள்ளைய இத்தன தூரம் படிக்க வெக்கறீங்களே, உங்களாட்டம் மனசு யாருக்குங்க வரும்?" என்று அக்கம்பக்கத்துக்கெல்லாம் கேட்கிற மாதிரிச் சொன்னார். நான் இளநீரோடு அந்தப் புகழ்ச்சியையும் வாங்கிக்கொண்டேன். பெண்ணைப் படிக்க வைத்த அப்பன் என்று இன்றைக்கும் எனக்கு ஒரு பெயர் இருக்கிறது. போன மாதம் மல்லிகா வந்திருந்தபோது உண்மையைச் சொல்லிவிட்டேன். சிரித்தாள். "எதுக்குச் சேர்த்தா என்னப்பா, சேர்த்தீங்கள்ல" என்றாள். திட்டியிருந்தால் எனக்குச் சோறு இறங்கியிருக்கும்.

இனி நீ கேட்க நினைப்பதை நானே சொல்லிவிடுகிறேன். என்னால் கட்ட முடியாமல் இல்லை. போடியிலிருந்து அரிசி மூட்டையைத் தலையில் வைத்து மலை ஏறி வந்தவன் நான் என்பதை உனக்கு ஆயிரம் தடவை சொல்லியிருக்கிறேன். அந்த ஆள் அந்த வருஷத்துக்கு எவ்வளவோ முன்னாலேயே மூட்டையை இறக்கி வைத்துவிட்டான் என்பதைச் சொன்னதில்லை. விலை ஏறும் என்று தெரிந்து நல்ல பெரிய ஏலக்காயாகச் சலித்து மூன்று மூட்டை ஒதுக்கி வைத்திருந்தேன். அதில் ஒன்றை விற்றிருந்தால் உங்கள் இரண்டு பேருக்கும் அந்த வருஷம் முழுக்கப் போதும். விற்கவில்லை. இலவசமாகக் கிடைப்பது ஒன்று இருக்க, அதை வாங்காமல் கைக்காசைப் போடுகிறவன் வியாபாரியே இல்லை என்று நினைத்தேன். எல்லாரும்தான் வாங்குகிறார்கள் என்றும் நினைத்தேன். அதுவும் உண்மை. ஜீப் வைத்திருந்தவன் வாங்கினான். கம்பத்தில் இரண்டு வீடு வாடகைக்கு விட்டிருந்தவன் வாங்கினான். வில்லேஜ் ஆபீஸில் வருமான சர்டிபிகேட் எழுதுகிறவர் என் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. கொண்டுபோன ஏலக்காய்ப் பொட்டலத்தை மூக்கருகே வைத்துப் பார்த்துவிட்டு, "எவ்வளவு போடட்டே?" என்று என்னிடமே கேட்டார். நான் சொன்ன வருமானத்தை எழுதிக் கையெழுத்துப் போட்டார். அந்த வருமானத்தில் ஒரு குடும்பம் கஞ்சி குடித்திருக்க முடியாது. இரண்டு பேரும் சிரிக்கக்கூட இல்லை. அவ்வளவு பழகிய காரியம்.

மனுக் கொடுத்தால் வீடு பார்க்க வருவார்கள். அன்வேஷணம் என்பார்கள். செயலாளரும், சங்கம் அமர்த்தியிருந்த ரிட்டயர்டு ஹெட்மாஸ்டர் ஒருவரும் வருவார்கள். இந்த மலையில் அன்வேஷணத்துக்கு முந்தின நாளும் அன்று காலையும் வியாபாரி வீடுகளில் நடக்கிற வேடிக்கையை வெளியூர்க்காரன் பார்த்தால் ஜப்தி நடக்கிறது என்று நினைப்பான். ரேடியோ வேறு வீட்டுக்குப் போகும். இரும்பு பீரோவுக்கு மேல் கிழிந்த பாயைச் சுற்றுவார்கள். நம் வீட்டில் சுவர்க்கடிகாரத்தைக் கழற்றினேன். கழற்றிய இடத்தில் சுண்ணாம்பு வெள்ளையாக வட்டம் போட்டுக்கொண்டு நின்றது. அதன் மேல் காலண்டரை மாட்டினேன். அதையெல்லாம் நினைத்தால் இப்போது சிரிப்பு வரும். ஒன்றுக்கு மட்டும் வராது. உன் அம்மாவின் கழுத்தில் தாலி கோத்திருந்த தங்கச் சங்கிலியைக் கழற்றிவிட்டு மஞ்சள் கயிற்றில் கட்டிக்கொள்ளச் சொன்னேன். "இதுகூடவாங்க?" என்றாள். "ஒரு நாளைக்குத்தானே" என்றேன். என் முன்னால் மாற்றவில்லை. சாமி அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு மாற்றினாள். திரும்பச் சங்கிலிக்கு மாற்ற நல்ல நாள் பார்க்க வேண்டும் என்று சொல்லி ஒரு மாதம் கயிற்றோடு இருந்தாள். கட்டினவன் உயிரோடு வீட்டில் இருக்கும்போது, சங்கத்துக்காரன் பார்க்க வருகிறான் என்பதற்காகத் தாலியை இறக்க வைத்தவன் நான்.

அந்த மூன்று மூட்டைதான் பாக்கி. ஸ்டோரில் வைத்தால் ஸ்டோரையும் பார்ப்பார்கள். கடைக்குப் பின்னால் வேலைக்காரர்களுக்காக நான் கட்டிப் போட்ட ஐந்து அறை வரிசையில், இரண்டாவது அறை வீரணனுடையது. நம் கடையில் தராசு பிடிக்கிற வீரணன். காலை ஏழு மணி இருக்கும், முற்றத்தில் எதிரில் நிற்கிறவன் தெரியாத மூடுபனி. லீவுக்கு வந்திருந்த நீ ஒரு மூட்டையைப் பிடித்தாய், வீரணனும் நானும் மற்ற இரண்டையும் பிடித்தோம். அவன் அறையில் விறகு அடுக்கியிருந்த மூலையில் மூன்றையும் போட்டு, மேலே படுதாவைப் போட்டு, அதன் மேல் விறகை அடுக்கினோம். அப்போது வீரணன், "மொதலாளி, ஒண்ணு சொல்லணும். இன்னிக்கு எங்க வீட்டுக்கும்..." என்று ஆரம்பித்தான். நான், "வாய மூடிட்டு வெறக அடுக்குடா, நேரமாகுது" என்றேன். அவன் மூடிக்கொண்டான். நீயும் பக்கத்தில்தான் நின்றாய். உனக்கு ஞாபகம் இருக்காது. ஒரு வேலைக்காரன் பாதியில் நிறுத்திய பேச்சு யாருக்கு ஞாபகம் இருக்கும்? ஒன்பது மணி பஸ்ஸில் நீ திருச்சூருக்குக் கிளம்பிவிட்டாய். உனக்குத் தெரிந்த கதை அதோடு முடிந்தது.

அவன் சொல்ல வந்தது இதுதான். அவன் மகன் பால்பாண்டி, உன்னைவிட இரண்டு வயது சின்னவன், ப்ரீடிகிரியில் நல்ல மார்க் வாங்கிக் கோட்டயத்தில் பி.எஸ்ஸி.க்கு இடம் பிடித்திருந்தான். சங்கத்தில் பாதிச் சம்பளத்துக்கு மனுப் போட்டிருந்தான். அந்த மனுவில் முதலாளி என்ற இடத்தில் நான்தான் கையெழுத்துப் போட்டிருந்தேன். எனக்கு அது தெரியாது. என் மனுவை வரிவரியாகப் படித்த நான், வீரணன் நீட்டிய தாளை ரேஷன் கார்டு சமாச்சாரம் என்று நினைத்து, பேச்சை நிறுத்தாமலேயே கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கிறேன். படிக்காமல் எதிலும் கையெழுத்துப் போடாதே என்று உனக்கு எத்தனை தடவை சொன்னவன்!

பதினோரு மணிக்கு அவர்கள் வந்தார்கள். செயலாளர் உன் அம்மா கொடுத்த கட்டங்காப்பியைக் குடித்துவிட்டு, பால் இல்லாத காப்பியைப் பார்த்து மனசுக்குள் மார்க் போட்டுக்கொண்டார். பால் வேண்டாமென்று சொன்னதும் நான்தான். ஹெட்மாஸ்டர் வீட்டைச் சுற்றி நடந்தார். அரிசிப் பானையின் மூடியைத் திறந்து கையை விட்டுப் பார்த்தார். பிறகு நடுவீட்டில் நின்று மூக்கை உறிஞ்சினார். "ஏலக்காய் மணம் நல்லா வருதல்லோ?" என்றார். எனக்கு ஒன்றும் தெரியவில்லை. வீட்டை நன்றாகக் கழுவிவிட்டிருந்தேன், மூட்டை போய்விட்டது, இனி என்ன மணம் என்று திகைத்தேன். இதிலேயே கிடந்து ஊறியவன் மூக்குக்கு இந்தக் காய் மணப்பதில்லை. காதருகே குலுக்கிப் பார்த்துத்தான் நான் காயை எடை போடுவேன், மோந்து பார்த்து இல்லை. செயலாளர்தான் எனக்காகப் பேசினார். "வியாபாரி வீடு சாரே, அண்ணாச்சி சட்டையக் கழட்டிப் போட்டாலே மணக்கும்." ஹெட்மாஸ்டர் தலையாட்டி எழுதிக்கொண்டார். முடிந்தது என்று நான் மூச்சு விடுவதற்குள் செயலாளர், "வந்ததே வந்தோம், ஒங்க தராசுக்காரன் மகன் மனு ஒண்ணு இருக்கு. பின்னாலதானே? அதையும் பாத்துட்டுப் போயிருவோம், வாங்க அண்ணாச்சி" என்றார்.

அந்த முற்றம் இருபது அடி. நடக்க நடக்க நான் யோசித்தேன், தெளிவாகத்தான் யோசித்தேன். என் மூட்டைதான், இடம் போதவில்லை என்று இங்கே போட்டேன் என்று சொன்னால் என் மனு போகும், வேறொன்றும் ஆகாது. சிறை இல்லை, அபராதம்கூட இல்லை. வீரணன் வாசலில் நின்றான். அவன் வீட்டில் கழற்றி மறைக்க ஒரு சாமானும் இல்லை. அவன் மனைவி அடுப்பைக் கழுவி மெழுகிக் கோலம் போட்டு வைத்திருந்தாள், வருகிறவர்கள் கோயிலுக்கு வருகிற மாதிரி. பால்பாண்டி காலேஜுக்கென்று தைத்த வெள்ளைச் சட்டையைப் போட்டுக்கொண்டு, சர்டிபிகேட்டுகளை நெஞ்சோடு வைத்துக்கொண்டு நின்றான். ஹெட்மாஸ்டர் வாசலைத் தாண்டியதுமே மூக்கு அவரை நேராக விறகிடம் கொண்டுபோனது. அந்தச் சின்ன அறையில் மூன்று மூட்டைப் பெரிய காய் எப்படி மணத்திருக்கும் என்று நீயே நினைத்துப் பார். பிரம்பால் விறகைத் தள்ளினார். படுதாவைத் தூக்கினார். "இதெந்தா?"

வீரணன் என்னைப் பார்த்தான். நான் மூட்டையைப் பார்த்தேன். "யாரோட சாதனம் இது? சொல்லு" என்றார் ஹெட்மாஸ்டர். அவன் அதே மாதிரி என்னையே பார்த்துக்கொண்டு நின்றான். குடியிருக்கிற அறை என்னுடையது, செய்கிற வேலை என்னுடையது, என் மூட்டை என்று சொன்னால் நாளைக்கு அவன் எங்கே போவான்? திருடினேன் என்று சொன்னால் போலீஸ். அவனுக்கு விட்டு வைத்திருந்த வாசல் ஒன்றே ஒன்று. "நாந்தான் சார் சிறுகச் சிறுக வாங்கிப் போட்டேன். வெலை ஏறும்னாக" என்றான். ஹெட்மாஸ்டர் என் பக்கம் திரும்பி, "நிங்ஙள்க்கு அறியாமோ?" என்று கேட்டார், தெரியுமா என்று. நான் சொன்ன பதிலை எழுத இப்போது பேனா நிற்கிறது. "எனக்கே இப்பத்தான் சார் தெரியுது" என்றேன். செயலாளர் என் முதுகில் தட்டி, "அண்ணாச்சி, ஒங்க ஆளு ஒங்களையே தூக்கிச் சாப்பிட்டுருவான் போலருக்கே!" என்றார். நான் சிரித்தேன். சத்தமாகச் சிரித்தேன். பால்பாண்டி அந்தச் சிரிப்பைப் பார்த்தான். அவனுக்கு மூட்டை யாருடையது என்று தெரியும், காலையில் அந்த அறைக்குள்தானே படுத்திருந்தான்.

மனு தள்ளுபடி. 'மனுதாரரின் தகப்பனார் ஏலக்காய் பதுக்கி வைத்துக்கொண்டு ஏழை எனப் பொய் கூறினார்' என்று பைலில் எழுதிக்கொண்டார்கள். என் மனு முதலிடத்தில் மஞ்சூராகி முழுப் பணமும் வந்தது. கோட்டயத்துக் கல்லூரியில் பணம் கட்ட இன்னும் ஒன்பது நாள் இருந்தது. நீ இதை நன்றாகக் கவனி, ஏனென்றால் எனக்கு மூட்டையைவிட இந்த ஒன்பது நாள்தான் அருவருப்பு. வீரணன் வந்து கேட்பான், கடனாகக் கொடுத்துப் பெரிய மனுசன் ஆகிக்கொள்ளலாம் என்று காத்திருந்தேன். நானாகக் கூப்பிட்டுக் கொடுத்தால் தப்பை ஒத்துக்கொண்ட மாதிரி ஆகுமே! அவன் கேட்கவில்லை. தினமும் எனக்கு எதிரே தராசு முள்ளைப் பார்த்துக்கொண்டு நின்றான். கல்லாப் பெட்டிக்கும் அவனுக்கும் நடுவில் நாலு அடிதான். பத்தாம் நாள் காலையில் பால்பாண்டி அந்த வெள்ளைச் சட்டையோடு கடைக்கு வந்து, "லோடு எறக்க ஆள் வேணும்னீங்களாமே மொதலாளி" என்றான். நான் அவன் சட்டையைப் பார்த்து, "இதப் போட்டுக்கிட்டா மூட்ட தூக்கப் போற?" என்று கேட்டேன். "இனிமே இதுக்கு வேற வேல இல்லீங்களே" என்றான்.

இன்றைக்கு அவன் மூணாறுக்கும் உடும்பஞ்சோலைக்கும் ட்ரிப் ஜீப் ஓட்டுகிறான். நீ ஊருக்கு வரும்போதெல்லாம் அதில்தான் வருகிறாய். "பால்பாண்டி எங்கிட்ட மட்டும் காசே வாங்க மாட்டேங்குறான்பா, அவ்வளவு பாசம்" என்று நீ ஒருநாள் சாப்பிடும்போது சொன்னாய். நான் அதன் பிறகு ஒரு நாள் அவனை நிறுத்தி, "ஏண்டா தம்பிகிட்டக் காசு வாங்க மாட்டேங்குற?" என்று கேட்டேன். என்ஜினை நிறுத்தாமலேயே சொன்னான்: "ஒங்க வீட்டுக் காசு எனக்கு வேணாம் மொதலாளி." பாசமாம்! நீ எஞ்சினீயர், உனக்கு இது தெரிந்திருக்க வேண்டாமா? உன்னைக் குறை சொல்லவில்லை. உனக்குத் தெரியாமல் வளர்த்தவன் நான். தன் வீட்டுக்கு வந்த காசு எந்த வழியாக வந்தது என்று கேட்காத பிள்ளையாக வளர்த்தேன், அதை நல்ல வளர்ப்பு என்றும் நினைத்துக்கொண்டேன்.

இப்போது ஏன் இதைக் கிளறுகிறேன் என்றால், வீரணனுடைய கடைசி மகள் தவமணி இந்த வருஷம் மனுப் போட்டிருக்கிறாள். போன மாதம் வீரணன் அந்தத் தாளோடு வந்து என் மேஜையில் வைத்தான். நான் பேனாவைத் திறந்தேன். அவன் கையைத் தாள் மேல் வைத்து, "இந்தத் தடவ படிச்சிட்டுப் போடுங்க மொதலாளி" என்றான். இத்தனை வருஷத்தில் அதைப் பற்றி அவன் பேசிய பேச்சு அது ஒன்றுதான். படித்தேன். படித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டேன். போன வாரம் அல்வாவோடு வந்த செயலாளர், அதே செயலாளர்தான், இன்னும் அவரேதான், சொன்னார்: "அண்ணாச்சி, ஒங்க வீரணன் மக மனு ஒண்ணு வந்திருக்கு. பழைய பைலு இருக்குல்ல, பதுக்கல்காரன்னு. வீட்டுக்கே போக வேணாம், அப்படியே தள்ளிறலாம். இனி நம்ம தம்பியே கமிட்டியில இருக்கு, ஒரு கையெழுத்துதானே."

அவர் எதிரிலேயே கடைக்கதவைப் பாதி சாத்திவிட்டு எல்லாவற்றையும் சொன்னேன். மூட்டை என்னுடையது என்றேன். அவர் முகத்தில் அதிர்ச்சி வரும் என்று பார்த்தேன். வரவில்லை தம்பி. "அது அன்னைக்கே தெரியும் அண்ணாச்சி. தராசுக்காரன் எங்க போயி மூணு மூட்ட பெரிய காய் வாங்குவான்?" என்றார். என் முதுகில் தட்டிச் சிரித்தாரே, அப்போதே தெரிந்துதான் சிரித்திருக்கிறார். பைலைத் திருத்துங்கள் என்றேன். "பழசையெல்லாம் எதுக்குத் தோண்டணும்? நீங்க வாங்கினதத் திருப்பிக் கேப்பாங்க, தம்பி பேரு கெடும், சங்கத்துக்கும் கேவலம்" என்று எழுந்துவிட்டார். பொட்டலத்தை எடுத்துக்கொண்டு போங்கள் என்றேன். அதை மட்டும் கேட்காத மாதிரிப் போய்விட்டார். ஒரு கமிட்டி உறுப்பினர் கூட்டத்தில் எழுந்து சொன்னாலொழிய பைலில் ஒரு எழுத்து மாறாது. அதுதான் சட்டமாம். சரி, அந்த உறுப்பினர் நீதான்.

ஆகவே கேட்டுக்கொள். வியாழக்கிழமை கூட்டத்தில் தவமணியின் மனு வரும்போது நீ எழுந்து, அவள் அப்பனைப் பற்றிப் பைலில் எழுதியிருப்பது பொய் என்றும், பொய் சொன்னவன் உன் அப்பன் என்றும், அந்தப் பொய்யில்தான் நீ எஞ்சினீயர் ஆனாய் என்றும் சொல்ல வேண்டும். இந்தக் கடிதத்தையே படித்தாலும் சரி. உனக்கும் மல்லிகாவுக்கும் வாங்கியது முழுவதையும் திருப்பிக் கொடுக்க நான் ஏற்பாடு செய்துவிட்டேன், அதைப் பெரிதாகச் சொல்லாதே, அது ஒன்றும் பெரிய காரியம் இல்லை. உனக்கு அவமானமாக இருக்கும். இருக்கட்டும். பால்பாண்டி என் சிரிப்பைப் பார்த்துக்கொண்டு நின்ற அளவுக்கு அது இருக்காது. அதன் பிறகும் உன்னைக் கமிட்டியில் வைத்துக்கொண்டார்களானால், யார் வீட்டுக்குள்ளும் போகாதே. பானை மூடியைத் திறக்காதே. வீடு பார்க்கப் போகிறவர்களிடம் நன்றாக நடிக்கத் தெரிந்தவன்தான் ஜெயிப்பான். கழற்றி வைக்க நகை இல்லாதவள் கோலம் போட்டு வைத்துத் தோற்பாள். படிக்கிற பிள்ளையைக் கூப்பிட்டுப் பேசு, அதன் வாத்தியாரைக் கேள். இரண்டு பிள்ளை படிக்கிற வீடு என்று ஒருவன் வந்தால், இரண்டாவது பிள்ளை எதற்காகச் சேர்க்கப்பட்டது என்றும் கேள். என்னைப் போல எத்தனை பேர் வருவார்கள் என்று எனக்குத் தெரியும். அவர்களை உன்னால் எளிதாக அடையாளம் காண முடியும், வீட்டிலேயே பார்த்து வளர்ந்தவன் நீ.

தபாலில் போடுவதற்கு முன்னால் இதை வீரணனை உட்கார வைத்துப் படித்துக் காட்டினேன். கடையில் நாற்காலியில் உட்கார மாட்டேன் என்றான், தராசு மேடை விளிம்பில் உட்கார்ந்தான். முதலிலிருந்து கடைசிவரை கேட்டான். நான் சிரித்ததை எழுதிய இடத்தையும் விடாமல் படித்தேன். முடித்ததும் ஏதாவது சொல்லுவான் என்று காத்திருந்தேன். மன்னித்தேன் என்று சொல்ல வேண்டும் என்று உள்ளுக்குள் ஒரு ஆசை இருந்தது, அதையும் மறைக்காமல் எழுதுகிறேன். அவன் வேட்டியைத் தட்டிவிட்டு எழுந்து, "எல்லாம் எழுதியிருக்கீக மொதலாளி. எம் மக மார்க்கு எம்புட்டுன்னு ஒரு எடத்துலயும் எழுதலையே" என்றான்.

எழுதவில்லைதான். இத்தனை பக்கம் எழுதியும் என்னைப் பற்றித்தான் எழுதியிருக்கிறேன். அவனே சொல்லச் சொல்ல எழுதுகிறேன்: வீ. தவமணி, ப்ரீடிகிரி, முதல் வகுப்பு. கணக்கிலும் வேதியியலிலும் அவள் கல்லூரியில் முதல் ஆள். இரண்டு வருஷமும் ஒரு நாள்கூட லீவு எடுக்கவில்லை. பி.எஸ்ஸி. கெமிஸ்ட்ரிக்கு இடம் கிடைத்திருக்கிறது. பணம் கட்டக் கடைசி நாள் வரும் இருபதாம் தேதி.

வியாழக்கிழமை நீ எழுந்து நின்றதும் இதை முதலில் படி. என் கதையை அப்புறம் சொல்லிக்கொள்ளலாம்.

இப்படிக்கு,
உன் அப்பா